பாக்கெட்க்யூபா, க்யூப்சாட்டா, இல்ல அடுத்தவங்க சாட்டிலைட்ல தொத்திக்கலாமா?

சமீபத்துல ஒரு டீம் என்கிட்ட கேட்டாங்க. ஏழு பேரு, அதுல ரெண்டு பேருக்கு ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் இருக்கு, சொந்தமா ஒரு குட்டி சாட்டிலைட் செஞ்சு அதுல எஃப்எம் ரிப்பீட்டர் (கீழ இருந்து வர்ற பேச்ச வாங்கித் திரும்ப கீழ விடுற ரேடியோ) வெச்சு விடணும்னு ஆசை, 2பி பாக்கெட்க்யூப் (5 செ.மீ. கன சதுரம் ரெண்டு சேர்ந்தது) போதுமா இல்ல 1யூ க்யூப்சாட்டுக்குப் (10 செ.மீ. கன சதுரம் ஒண்ணு) போகணுமான்னு மூணு மாசமா முட்டிக்கிட்டு இருக்காங்க. இதே கேள்விய வேற வேற ஆளுங்க வேற வேற மாதிரி கேட்டு நான் பாத்திருக்கேன், பெரும்பாலும் சண்டை செலவுலயே நிக்கும். சின்னப் பெட்டி, கம்மி வெயிட், கம்மி லாஞ்ச் காசு, அப்ப சின்னதே எடுத்துக்கலாம்னு முடிச்சுடுவாங்க.

எனக்கு இதுல ஒரே ஒரு விஷயம் தான் உறுத்தும். மேல பெட்டிய சுருக்கிச் சுருக்கி நீங்க மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு மில்லிவாட்டையும் கீழ ஆன்டெனாவப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவன் தான் கட்டுறான். அவன் யாரு, அவன் கையில என்ன இருக்குன்னு தெரியாம பெட்டி சைஸ முடிவு பண்ணக் கூடாது. இத மனசுல வெச்சுக்கிட்டே மிச்சத்தப் படிங்க.

எதெதைப் பாக்கணும்

முதல்ல கேக்குறவன். கையில வாக்கி டாக்கியும் மடக்குற யாகி ஆன்டெனாவும் வெச்சிருக்கிற ஆளா, மொட்டை மாடியில ரொட்டேட்டர் போட்டு சுத்துற ஆன்டெனா வெச்சவரா, இல்ல உங்க ஒரே ஒரு கிரவுண்ட் ஸ்டேஷன் மட்டுமா? அடுத்தது கரண்ட், இதுல தான் எல்லாமே வந்து முட்டும். மூணாவது ஆயுசு, அதாவது பேட்டரி ஆயுசும் ஆர்பிட் ஆயுசும், ரெண்டும் வேற வேற. நாலாவது லாஞ்ச் யாரு கையில இருக்கு. அஞ்சாவது ஃப்ரீக்வென்சி, லைசென்ஸ் பேப்பர் வேலை. ஆறாவது யாரும் பேச மாட்டாங்க, ஆனா நான் கேப்பேன்: மேல போய் செத்துப்போனா இன்னொண்ணு செய்ய உங்ககிட்ட தெம்பு இருக்கா?

அவசரமா இருக்கிறவங்களுக்கு ஒரு டேபிள், ஆனா இத மட்டும் பாத்துட்டு முடிவு எடுத்துடாதீங்க.

| | பாக்கெட்க்யூப் | 1யூ க்யூப்சாட் | தொத்திக்கிட்டுப் போறது |
|---|---|---|---|
| சைஸ் | 1பி-க்கு 5 செ.மீ. கன சதுரம், 250 கிராம் வரை | 10 செ.மீ. கன சதுரம், முதல்ல 1 கிலோ, இப்ப 2 கிலோ வரை | ஒரு போர்டோ ஒரு டப்பாவோ, வண்டிக்காரர் (நம்மள ஏத்திக்கிற சாட்டிலைட்டோட சொந்தக்காரர்) சொல்றது தான் |
| வெயில்ல ஒரு பக்கத்துக் கரண்ட் | அரை வாட்டுக்குக் கொஞ்சம் மேல | ரெண்டு வாட்டுக்குக் கொஞ்சம் மேல | வண்டி குடுக்கும் |
| நல்லா வர்றது | பீக்கான் (நான் இருக்கேன்னு அடிக்கிற பீப்), டெலிமெட்ரி (சாட்டிலைட் அனுப்புற தன்னோட நிலவரம்), லோரா (ரொம்ப தூரம் போற மெதுவான டேட்டா ரேடியோ), சின்ன அளவீடு | எஃப்எம் ரிப்பீட்டர், சின்ன லீனியர் டிரான்ஸ்பாண்டர் (பல பேர் ஒரே நேரத்துல பேசுற ரிப்பீட்டர்) | வண்டியப் பொறுத்து எதுவும் |
| கஷ்டம் | தொடர்ந்து ஓடுற வாய்ஸ், 2 மீட்டர் பேண்ட் (145 மெகாஹெர்ட்ஸ்) ஆன்டெனா | பெரிய ஆன்டெனா, அதிக டேட்டா | ஸ்விட்ச் உங்க கையில இல்ல |
| மறைஞ்சிருக்கிற செலவு | கிரவுண்ட் ஸ்டேஷன், மேல போனதும் அடையாளம் கண்டுபிடிக்கிறது | டெஸ்டிங், பல வருஷ மனுஷ உழைப்பு | காத்திருப்பு, இன்டர்ஃபேஸ் பேப்பர் |

கணக்கு கொஞ்சம், பொறுத்துக்கோங்க

பூமிக்கு 600 கிலோமீட்டர் மேல சுத்துற சாட்டிலைட்னு வெச்சுப்போம். ஒரு சுத்துக்கு சுமார் 97 நிமிஷம், அதுல 35 நிமிஷம் வரைக்கும் நிழல்ல இருக்கும். உங்க தலைக்கு நேர் மேல வர்றப்ப தூரம் 600 கிலோமீட்டர், ஆனா தொடுவானத்துல எட்டிப் பாக்குறப்ப 2,800 கிலோமீட்டருக்கு மேல. அதாவது அதே டிரான்ஸ்மிட்டர், அதே பவர், ஆனா உங்களுக்கு வர்ற சிக்னல் இருபது மடங்குக்கு மேல குறைஞ்சு வரும், டெசிபல் கணக்குல 13-க்குக் கொஞ்சம் மேல. 100 மில்லிவாட்ல எஃப்எம் வாய்ஸ் விட்டா கையில யாகி வெச்சிருக்கிறவர் நேர் மேல வர்றப்ப சுத்தமா கேப்பாரு, தொடுவானத்துல வெறும் இரைச்சல் தான் கேப்பாரு. ஒரு பாஸ் (சாட்டிலைட் உங்க வானத்தக் கடந்து போற நேரம்) பத்து நிமிஷம்னா அவருக்கு உருப்படியா கிடைக்கிறது நடுவுல இருக்கிற நாலஞ்சு நிமிஷம்.

அதே 100 மில்லிவாட்ட மோர்ஸா, மெதுவான டேட்டாவா, லோராவா விட்டா கதையே வேற, அங்க பேண்ட்விட்த் சின்னது, இல்லன்னா ப்ராசஸிங்ல நிறைய மீட்டுக்கலாம், தொடுவானத்துல இருந்தே எடுத்துடலாம். குட்டி சாட்டிலைட்ல எல்லாரும் லோரா பக்கம் ஓடுறதுக்குக் காரணம் இது தான், ஃபேஷன் ஒண்ணும் கிடையாது.

டேட்டான்னு சொன்னதும் படம் அனுப்பலாம்னு கிளம்பிடாதீங்க. நொடிக்கு 1200 பிட் வேகத்துல முழுசா பத்து நிமிஷம் ஒரு பிட் கூட விடாம எடுத்தாலும் மொத்தம் 90 கிலோபைட், ஒரு சுமாரான சின்னப் படம் ஒண்ணோ ரெண்டோ. 9600-ல 720 கிலோபைட். ஒரு நாளைக்கு உங்களுக்கு உருப்படியா கிடைக்கிற பாஸ் நாலஞ்சு, அதுல பாதி நடுராத்திரி வரும்.

டாப்ளர் வேற, அதாவது சாட்டிலைட் கிட்ட வர்றப்ப ஃப்ரீக்வென்சி ஏறும், தள்ளிப் போறப்ப இறங்கும். 437 மெகாஹெர்ட்ஸ்ல பாஸ் ஆரம்பத்துல சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் மேல, முடியுறப்ப 10 கீழன்னு வழுக்கும், 145-ல இது மூணு சொச்சம் தான். இது பெட்டி சைஸப் பாக்காது, எல்லாருக்கும் ஒண்ணு.

பாக்கெட்க்யூப்

1999-ல க்யூப்சாட் ஐடியாவக் கொண்டு வந்த ரெண்டு பேர்ல ஒருத்தரான பாப் ட்விக்ஸ், பத்து வருஷம் கழிச்சு 2009-ல அதையும் எட்டுல ஒரு பங்காக் குறைச்சு பாக்கெட்க்யூப்னு சொன்னாரு. முதல் தடவை மேல போனது 2013 நவம்பர் 21, டினெப்பர் ராக்கெட்ல, யூனிசாட்-5-ங்கிற தாய் சாட்டிலைட் வயித்துக்குள்ள இருந்து. அதுல ஒண்ணு தான் ஃபிஃப்டி டாலர் சாட். பேரப் பாத்து ஏமாறாதீங்க, லாஞ்ச் எல்லாம் அந்தக் கணக்குல வராது. 5க்கு 5க்கு 7.5 சென்டிமீட்டர், 210 கிராம், பள்ளிக்கூடப் பசங்க ப்ராஜெக்ட்டுக்கு வாங்குற பிக்ஆக்ஸ் கண்ட்ரோலர், ரிமோட் கண்ட்ரோல்ல போடுற மாதிரியான ஹோப் கம்பெனி ரேடியோ சிப், 100 மில்லிவாட், அவ்வளவு தான். அது இருபது மாசம் உயிரோட இருந்துச்சு.

இப்ப இதே ராக்கெட்ல போன இன்னொருத்தரப் பாருங்க, ஃபன்க்யூப்-1, மேல போனதும் வெச்ச பேரு ஏஓ-73. 1யூ க்யூப்சாட், 300 மில்லிவாட் லீனியர் டிரான்ஸ்பாண்டர். அது பத்து வருஷம் தாண்டியும் டெலிமெட்ரி குடுத்துச்சு. ஒரே நாள், ஒரே ராக்கெட், ஒண்ணு இருபது மாசம், ஒண்ணு பத்து வருஷம். இத வெச்சு பாக்கெட்க்யூப் மட்டம்னு சொல்ல மாட்டேன், ஏன்னா கடையில வாங்குற பார்ட்ஸ் வெச்சு மேல தாக்குப்பிடிக்குமாங்கிறது தான் ஃபிஃப்டி டாலர் சாட்டோட கேள்வியே, அதுக்குப் பதில் கிடைச்சிடுச்சு. ஏஓ-73-யோட வேலை ஸ்கூல் பசங்களுக்கு டெலிமெட்ரியும் ஹாம்களுக்கு பேச்சும் குடுக்கிறது, அதுக்கு வருஷக்கணக்குல நிக்கணும்.

பாக்கெட்க்யூப்ல கரண்ட் எங்க இடிக்குதுன்னா, நீளத்தப் பாதியாக்கினா முகத்தோட பரப்பு கால்வாசி ஆயிடும், உள்ள இடம் எட்டுல ஒண்ணு ஆயிடும். ஒரு 5 சென்டிமீட்டர் முகத்துல விழுற மொத்த வெயிலே மூணரை வாட்டுக்குள்ள, அதுல செல் மூடாத இடம் போக, செல்லால கரண்டா மாத்த முடியாதது போக மிஞ்சுறது அரை வாட் சொச்சம். அப்பறம் நிழல், உருண்டுக்கிட்டே போற கோணம், பேட்டரில ஏத்தி இறக்குற நஷ்டம். 1பி-க்கு சுத்து முழுக்க சராசரியா அரை வாட்டுக்கும் கீழன்னு வெச்சுக்கிட்டு டிசைன் பண்றது தான் நல்லது. 250 மில்லிவாட் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் ஓடணும்னா உள்ள முக்கால் வாட் இழுக்கும், அதுவும் ரிசீவர், கம்ப்யூட்டர் இதெல்லாம் இல்லாம. அப்ப 1பி-ல தொடர்ந்து ரிப்பீட்டர் கனவு தான். 2பி, 3பி-ல பாஸ் நேரத்துல மட்டும் ஆன் பண்ணா தேறலாம், ஆனா யாரோட பாஸ்? அந்தச் சாட்டிலைட்டோட காலடி, அதாவது ஒரே நேரத்துல அதக் கேக்க முடியுற வட்டத்தோட விட்டம் 5,000 கிலோமீட்டருக்கு மேல, யாராவது ஒருத்தர் எப்பவும் கூப்பிட்டுக்கிட்டே தான் இருப்பாங்க.

ஆன்டெனா இன்னொரு தலைவலி. 145 மெகாஹெர்ட்ஸுக்கு கால் அலை நீளமே அரை மீட்டர், அத ஒரு தீப்பெட்டி மாதிரி டப்பாவச் சுத்திக் கட்டி வெச்சு மேல போனதும் விரியணும். 437-க்கு 17 சென்டிமீட்டர் போதும், மெஷரிங் டேப்ப வெட்டி மடக்கி நைலான் நூல்ல கட்டிடலாம். அதனால ஏறுறது ஒரு பேண்ட், இறங்குறது ஒரு பேண்ட்னு போற வழக்கமான ரிப்பீட்டர் செட்டப் இதுல ரொம்ப இடிக்கும்.

நைலான் நூல்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. நான் கூட இருந்து பாத்த ஒரு டீம்ல ஆன்டெனா விரியுறதுக்கு ஒரு சின்ன ரெசிஸ்டரச் சூடாக்கி நூல எரிக்கிற ஏற்பாடு, டேபிள்ல நாப்பது தடவைக்கு மேல பண்ணிப் பாத்தோம், எல்லாம் பாஸ். அப்பறம் ஒருத்தர் சும்மா இருக்காம ஃப்ரீசர்ல வெச்சுப் பாக்கலாம்னாரு. குளிர்ல பேட்டரியோட உள் எதிர்ப்பு ஏறி, ரெசிஸ்டர் ஆன் ஆன உடனே வோல்டேஜ் சரிஞ்சு கண்ட்ரோலர் ரீசெட், ரீசெட் ஆகி எழுந்ததும் ஆன்டெனா விரியலயேன்னு திரும்ப ரெசிஸ்டர ஆன் பண்ணும், திரும்ப ரீசெட். மேல போயிருந்தா இதே வட்டத்துல பேட்டரி தீர்ற வரைக்கும் சுத்திருக்கும், நாங்க கீழ சத்தமே வரலயேன்னு உக்காந்திருப்போம். பெட்டி சின்னதாக ஆக பேட்டரியும் சின்னது, இந்த மாதிரி ஒரு சின்ன இழுப்பே அதுக்குப் பெரிய அடி. வெயிட் கம்மின்னா சூடும் குளிரும் கூட சீக்கிரமா ஏறி இறங்கும்.

சரி, நல்லது எங்க இருக்கு? ரெண்டு மூணு செய்யலாம்ங்கிறதுல இருக்கு. ஹங்கேரியில புடாபெஸ்ட் டெக்னிக்கல் யூனிவர்சிட்டி மாணவர்கள் செஞ்ச ஸ்மோக்-பி, 1பி தான், டிவி டிரான்ஸ்மிட்டர்கள் விண்வெளிக்குக் கசிய விடுற ரேடியோ குப்பைய அளக்குறது அதோட வேலை. 2019 டிசம்பர்ல போச்சு, கீழான ஆர்பிட், 2020 செப்டம்பர்ல எரிஞ்சு விழுந்துடுச்சு. அதோட அண்ணன் தம்பி ஸ்மோக்-1, 2021 மார்ச்ல போச்சு. ஒரு சின்ன அளவீடு, தெளிவான ஒரே கேள்வி, அதுக்கு இந்தப் பெட்டி கச்சிதம்.

லாஞ்ச் விஷயத்துல க்யூபிக் கதையச் சொல்லாம விட முடியாது. லிப்ரே ஸ்பேஸ் ஃபவுண்டேஷன் செஞ்ச க்யூபிக்-1, 2-ங்கிற ரெண்டு பாக்கெட்க்யூபும் 2021 செப்டம்பர்ல ஃபயர்ஃப்ளை ஆல்ஃபா ராக்கெட்டோட முதல் பறப்புல போச்சு, ராக்கெட் வெடிச்சிடுச்சு. அடுத்து 3, 4 ரெண்டும் 2022 அக்டோபர்ல அதே ராக்கெட்டோட ரெண்டாவது பறப்புல, இந்தத் தடவை ஆர்பிட்டுக்குப் போச்சு, ஆனா எதிர்பாத்தத விட கீழ விட்டுட்டுச்சு, சில நாள்லயே எல்லாம் விழுந்துடுச்சு. புது ராக்கெட்டோட முதல் பறப்புல இடம் சுலபமா கிடைக்கும், ஏன் சுலபமா கிடைக்குதுன்னு இப்ப புரியும். பெட்டி சின்னது, அதனால ரெண்டாவது தடவைக்கும் ரெண்டு இருந்துச்சு. ஒரே ஒரு 1யூ செஞ்சு நாலு வருஷம் உழைச்ச டீமுக்கு முதல் வெடிப்போட கதை முடிஞ்சிருக்கும்.

அடையாளம் கண்டுபிடிக்கிறது தான் யாரும் பட்ஜெட்ல போடாத செலவு. ஒரே டிப்ளாயர்ல (மேல போனதும் சாட்டிலைட்ட வெளிய தள்ளுற பெட்டி) இருந்து அஞ்சாறு டப்பா ஒண்ணா வெளிய வரும், ரேடார்ல எல்லாம் ஒரே புள்ளிக் கூட்டம், 5 சென்டிமீட்டர்ங்கிறது ரேடாருக்கே கஷ்டமான சைஸ். 2018 டிசம்பர்ல எஸ்எஸ்ஓ-ஏ லாஞ்ச்ல ஒரே நேரத்துல 64 சாட்டிலைட் விட்டப்ப எது எதுன்னு பிரிக்கிறதுக்கே வாரக்கணக்கு ஆச்சு. உங்க சிக்னலோட டாப்ளர் வளைவ பதிவு பண்ணி எந்த ஆர்பிட் எண்ணோட ஒத்துப்போகுதுன்னு பாத்துத் தான் கண்டுபிடிக்கணும், அதுக்கு சிக்னல் கேக்கணும், அதுக்கு நல்ல கிரவுண்ட் ஸ்டேஷன் வேணும். சாட்நாக்ஸ், டைனிஜிஎஸ் மாதிரி உலகம் பூரா இருக்கிற தன்னார்வ ஸ்டேஷன்கள் இல்லன்னா பாதி பாக்கெட்க்யூப் அனாதையாத் தான் சுத்தும். டெலிமெட்ரி ஃபார்மேட்ட லாஞ்சுக்கு முன்னாடியே வெளியிடுங்க, டீகோடர் குடுங்க, ஆளுங்க தானா வந்து கேப்பாங்க.

1யூ க்யூப்சாட்

இதுக்கு வக்காலத்து ரொம்பத் தேவையில்ல. 2003 ஜூன்ல முதல் கூட்டம் போனதுல இருந்து இருக்கிற பெட்டி, டிப்ளாயர், போர்டு, சோலார் பேனல் எல்லாம் ரெடிமேடா கிடைக்கும். ஒரு முகத்துல ரெண்டு நல்ல செல் ஒட்டினா ரெண்டு வாட்டுக்கு மேல. டோக்கியோ யூனிவர்சிட்டியோட எக்ஸ்ஐ-4 அந்த முதல் கூட்டத்துல போனது, ரொம்ப வருஷம் பீப் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

ரிப்பீட்டருக்கு, ஹாம் சாட்டிலைட் செய்யுற அமைப்பான ஆம்சாட்டோட ஃபாக்ஸ்-1 வரிசையப் பாருங்க. ஏஓ-85 2015 அக்டோபர்ல, ஏஓ-91 2017 நவம்பர்ல, ஏஓ-92 2018 ஜனவரில. எஃப்எம் ரிப்பீட்டர் ஓடிக்கிட்டு இருக்கிறப்பவே பேச்சுக்கு அடியில, காதுக்குக் கேக்காத தாழ்வான இடத்துல நொடிக்கு 200 பிட் வேகத்துல டெலிமெட்ரியும் போகும், அதனால சோதனைப் பெட்டி வெச்சவருக்கும் டேட்டா, ஹாமுக்கும் பேச்சு, ஒரே டிரான்ஸ்மிட்டர். இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், கரண்ட் இல்லாதவன் மூளைய எப்படிச் செலவு பண்ணணும்னு காட்டுது.

ஆனா ஆயுசு? ஏஓ-91-க்கும் 92-க்கும் சில வருஷத்துலயே பேட்டரி தளர்ந்துச்சு, வெயில்ல இருக்கிறப்ப மட்டும் பயன்படுத்துங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. சாட்டிலைட்ல முதல்ல சாகுறது பெரும்பாலும் பேட்டரி. 1974 நவம்பர்ல போன ஏஓ-7, 1981-ல பேட்டரி ஷார்ட் ஆகி செத்துச்சு, 2002 ஜூன்ல அந்த ஷார்ட் தானா அறுந்து நேரா சோலார் பேனல்ல இருந்து ஓட ஆரம்பிச்சிடுச்சு, இருபத்தொரு வருஷம் கழிச்சு! நெதர்லாந்து டெல்ஃப்ட் யூனிவர்சிட்டி ஆளுங்க 2008 ஏப்ரல்ல விட்ட டெல்ஃபி-சி3-ல பேட்டரியே வைக்கல, வெயில் வந்தா முழிக்கும், நிழல் வந்தா தூங்கும், 3யூ, பதினஞ்சு வருஷம் கழிச்சு 2023 நவம்பர்ல தான் எரிஞ்சு விழுந்துச்சு. அதனால எந்தப் பெட்டி எடுத்தாலும் பேட்டரி போனாலும் பேனல்ல இருந்து எழுந்திருக்கிற மாதிரி டிசைன் பண்ணுங்க.

எஃப்எம்மா லீனியரான்னு இன்னொரு சண்டை 1யூ-க்குள்ள இருக்கு. எஃப்எம்ல ஒரு நேரத்துல ஒருத்தர் தான், 5,000 கிலோமீட்டர் விட்டத்துல இருக்கிற அத்தனை பேரும் ஒரே வாசல்ல முட்டுவாங்க, பவர் அதிகம் வெச்சவன் ஜெயிப்பான். ஏஓ-73 மாதிரி 20 கிலோஹெர்ட்ஸ் லீனியர்ல நாலஞ்சு ஜோடி ஒரே நேரத்துல பேசலாம், ஆனா கீழ எஸ்எஸ்பி ரேடியோ (சாதா எஃப்எம் வாக்கி டாக்கில வராத வகை) வேணும், டாப்ளர கையாலயோ கம்ப்யூட்டராலயோ திருத்திக்கிட்டே இருக்கணும். வாக்கி டாக்கிக்காரருக்கு இது எட்டாக்கனி.

மறைஞ்ச செலவு டெஸ்டிங்ல தான். வைப்ரேஷன் டெஸ்ட், வெற்றிடத்துல சூடு குளிர் டெஸ்ட், பேட்டரி பாதுகாப்புப் பேப்பர், டிப்ளாயர் அளவு டெஸ்ட். இதெல்லாம் பாக்கெட்க்யூபுக்கும் உண்டு, ஆனா 1யூ-ல இடம் இருக்குன்னு ஆளாளுக்கு ஒண்ணு கொண்டு வந்து சொருகுவாங்க, கேமரா, மேக்னெட்டோமீட்டர், ஜிபிஎஸ்னு. ஒவ்வொண்ணும் டெஸ்ட ரெட்டிப்பாக்கும். பசங்க படிச்சு முடிச்சுப் போயிடுவாங்க, சாஃப்ட்வேர் எழுதினவன் இருக்க மாட்டான், இது தான் 1யூ-வ கொல்ற வியாதி.

3யூ பத்தி கேக்குறவங்களுக்கு: முதல் சாட்டிலைட்டா இருந்தா வேணாம்.

அடுத்தவங்க சாட்டிலைட்ல தொத்திக்கிட்டுப் போறது

சொந்தப் பெட்டிங்கிற பெருமைய விட்டுக்குடுத்தா இதுல கிடைக்கிறது ஏராளம். உலகத்துல ஹாம்கள் இப்ப அதிகமா கொண்டாடுற க்யூஓ-100 தனி சாட்டிலைட்டே கிடையாது, 2018 நவம்பர்ல போன எஸ்ஹெய்ல்-2-ங்கிற வணிக டிவி சாட்டிலைட்ல ஒட்டிக்கிட்டுப் போன ரெண்டு டிரான்ஸ்பாண்டர். பூமிக்கு 36,000 கிலோமீட்டர் மேல, நகராம நிக்கும், பிரேசில்ல இருந்து தாய்லாந்து வரைக்கும் கேக்கும், டிவி டிஷ் சைஸ்ல ஒரு டிஷ் இருந்தா போதும், 24 மணி நேரமும். டாப்ளர் இல்ல, பாஸ் டைம் இல்ல. எந்தக் குட்டிப் பெட்டியும் இதுக்குப் பக்கத்துல வர முடியாது, ஏன்னா கரண்ட் அந்தப் பெரிய வண்டியோடது.

எல்லாருக்கும் அப்படி வண்டி கிடைக்காது தான். ஆனா சின்ன வாய்ப்புகளும் இருக்கு. 2019 ஏப்ரல்ல பிஎஸ்எல்வி-சி45 போனப்ப, வேலை முடிஞ்ச நாலாவது கட்டத்த அப்படியே ஆர்பிட்ல மேடையா வெச்சுக்கிட்டாங்க, அதுல ஆம்சாட் இந்தியாவோட ஏபிஆர்எஸ் டிஜிபீட்டர் (சின்ன டேட்டா பாக்கெட்ட வாங்கித் திரும்ப அனுப்புற ரேடியோ) ஒண்ணு போச்சு. விண்வெளி நிலையத்துல இருக்கிற 145.825 மெகாஹெர்ட்ஸ் பாக்கெட் டிஜிபீட்டரும் இந்த ரகம் தான், ஒரு வாக்கி டாக்கி வெச்சே எட்டலாம்.

விலை எங்கன்னா, ஸ்விட்ச் உங்க கையில இல்ல. விண்வெளி நிலையத்துக்கு விண்கலம் வந்து சேர்றப்பவும் ஆள் வெளிய நடக்குறப்பவும் ஹாம் ரேடியோவ அணைச்சிடுவாங்க. வண்டிக்காரர் மனசு மாறினா, அவரோட மெயின் வேலைக்கு உங்க டிரான்ஸ்மிட்டர் இரைச்சல் குடுக்குதுன்னு ஒருத்தர் கை தூக்கினா, அவ்வளவு தான், இறங்கிக்க வேண்டியது தான். வருஷக்கணக்கா காத்திருந்துட்டு கடைசி மாசத்துல கழட்டப்பட்ட கதைகளும் இருக்கு. சொந்தமா ஆர்பிட்டக் கண்டுபிடிக்கிறது, ஆன்டெனா விரியுறது, பேட்டரி மேனேஜ்மென்ட் இதெல்லாம் கத்துக்கணும்னு வந்த டீமுக்கு இதுல பாதிப் பாடம் கிடைக்காது.

இன்னும் சின்னதா போனா?

3.5 சென்டிமீட்டர் சதுரத்துல ஒரே ஒரு போர்டு, சில கிராம், 10 மில்லிவாட், ஸ்ப்ரைட்னு பேரு. கிக்சாட் 2014 ஏப்ரல்ல 104 ஸ்ப்ரைட்ட வயித்துல வெச்சுக்கிட்டுப் போச்சு, பதினாறு நாள் கழிச்சு விடணும்னு டைமர், நடுவுல கண்ட்ரோலர் ரீசெட் ஆகி டைமர் முதல்ல இருந்து எண்ண ஆரம்பிச்சிடுச்சு, எண்ணி முடிக்கிறதுக்கு முன்னாடியே மே மாசம் மொத்தமா எரிஞ்சு விழுந்துச்சு. 2019 மார்ச்ல கிக்சாட்-2 ஒருவழியா விட்டுச்சு. இங்க நான் ஆரம்பத்துல சொன்னது உச்சத்துக்குப் போயிடும்: மேல 10 மில்லிவாட், அப்ப கீழ பெரிய ஆன்டெனாவும் கோட் பிரிக்கிற ப்ராசஸிங்கும் வேணும். ஆராய்ச்சிக்காரருக்கு அருமை, ஹாம் கிளப்புக்கு இல்ல.

கீழ் பக்கமா ஒரு வழி இருக்கு, பைக்கோ பலூன். இருபது கிராம் டப்பா, குட்டி சோலார், 10-20 மில்லிவாட்ல டபிள்யூஎஸ்பிஆர்-ங்கிற ரொம்ப மெதுவான பீக்கான், பன்னெண்டு கிலோமீட்டர் உயரத்துல மிதந்துக்கிட்டே உலகத்தச் சுத்தி வந்த பலூன்கள் நிறைய. சாட்டிலைட் செய்யப் போற டீம் முதல்ல இத ஒண்ணு விடணும்னு நான் அடம் பிடிப்பேன், ராத்திரி கரண்ட் போய் காலைல வெயில்ல தானா எழுந்திருக்கிற பாடம் இதுல கிடைச்சிடும்.

பேப்பர் வேலை, எல்லாருக்கும் பொது

5 சென்டிமீட்டர்னா விதி கம்மின்னு நினைக்காதீங்க. சர்வதேச அமெச்சூர் ரேடியோ யூனியன் கிட்ட ஃப்ரீக்வென்சி ஒருங்கிணைப்பு, உங்க அரசு மூலமா ஐடியூ (ஐ.நா.வோட தொலைத்தொடர்பு அமைப்பு) பதிவு, ரெண்டும் எந்த சைஸுக்கும் உண்டு. அமெச்சூர் பேண்ட்ல காசு சம்பாதிக்கிற வேலை கூடாது, டெலிமெட்ரிய மறைச்சு அனுப்பக் கூடாது, சாட்டிலைட்ட கண்ட்ரோல் பண்ற கமாண்ட் மட்டும் தான் விதிவிலக்கு. டிரான்ஸ்மிட்டர கீழ இருந்து அணைக்க முடியணும், இது கட்டாயம், ஆனா பாக்கெட்க்யூப்காரங்க கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன்னு முதல்ல கை வைக்கிறது கமாண்ட் ரிசீவர்ல தான். ஆர்பிட் ஆயுசுக்கும் கேள்வி வரும், அமெரிக்காவுல ரேடியோ லைசென்ஸ் குடுக்கிற எஃப்சிசி 2022-ல வேலை முடிஞ்சு 5 வருஷத்துக்குள்ள கீழ வந்துடணும்னு விதி போட்டுடுச்சு, முன்னாடி 25 வருஷம்.

அப்ப யாருக்கு எது

ஒரே கேள்வி, ஒரே சென்சார், மெதுவான டேட்டா, கீழ உங்க ஸ்டேஷனும் தன்னார்வ ஸ்டேஷன்களும் போதும், ஒண்ணு போனா இன்னொண்ணு செய்வோம்னு தெம்பு இருக்குன்னா பாக்கெட்க்யூப், யோசிக்கவே வேணாம். யாருன்னே தெரியாத ஹாம் ஒருத்தர் வாக்கி டாக்கியோட மொட்டை மாடில நின்னு பேசணும்னா குறைஞ்சது 1யூ. எஸ்ஓ-50-ன்னு ஒண்ணு 2002-ல போனது, 250 மில்லிவாட் எஃப்எம், இருபது வருஷம் தாண்டி இன்னும் ஆளுங்க அதுல பேசுறாங்க, அது சுமார் பத்து கிலோ, அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. உங்க டீமுக்கு ரேடியோ மட்டும் தான் பலம், மெக்கானிக்கல் ஆள் இல்ல, ஆனா யாரோ வண்டில இடம் தர்றேங்கிறாங்கன்னா பெருமையெல்லாம் பாக்காம தொத்திக்கோங்க.

அந்த ஏழு பேருக்கு நான் சொன்னது: 2பி-ல வாய்ஸ் ரிப்பீட்டர விட்டுடுங்க, அதே 2பி-ல லோரா டிஜிபீட்டர் வெச்சா தேறும், இல்ல வாய்ஸ் தான் உயிர்னா 1யூ-க்குப் போய் கூட ரெண்டு வருஷம் எழுதி வெச்சுக்கோங்க. அவங்களுக்கு மனசு வரல. சரி, போர்டையெல்லாம் டேபிள்ல பரப்பி, பேனலுக்குப் பதிலா பவர் சப்ளைல 2பி-க்கு வர்ற கரண்ட மட்டும் 62 நிமிஷம் குடுத்து 35 நிமிஷம் நிறுத்தி, ரிப்பீட்டர ஆன்லயே வெச்சு ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கன்னேன். போன வாரம் ஓட்டினாங்களாம், நாலாவது சுத்துலயே பேட்டரி படுத்துடுச்சாம். இப்ப லோரா மாட்யூலுக்கு ஆர்டர் போட்டிருக்காங்க.